ரஹீம் ஸேர்: ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் கட்டிய உதைபந்தாட்ட அணி



சென்ற வாரம் ஒரு தகப்பன் எங்களைத் தேடி ஸ்டாஃப் ரூம் வரை வந்தார். மகன் தரம் 10. பள்ளிக்கூட அணியில் வலது பக்கம் ஓடுகிற பிள்ளை. நல்ல வேகம். தகப்பன் உட்காரக்கூட இல்லை. "ஸேர், அடுத்த வருஷம் அவனுக்கு ஓ.எல். டீம்ல இருந்து பேர வெட்டி விடுங்க. போல் அடிச்சு எங்கட புள்ளைக்கு என்ன கெடைக்கப் போவுது?" என்று கேட்டார்.

அவரில் கோபப்பட எங்களுக்கு மனம் வரவில்லை. காலையில் கடை திறந்து இரவு பூட்டுகிற மனிதர். தான் படிக்காததை மகன் படிக்க வேண்டும் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் நியாயமானது. "கொஞ்சம் பொறுங்க நானா, யோசிச்சுச் சொல்றோம்" என்று அனுப்பி வைத்தோம். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். அவருக்கு மட்டுமல்ல, நம் ஊரில் இதே கேள்வியோடு இருக்கும் எல்லா வாப்பா உம்மாமாருக்கும் சேர்த்து.

பதிலை ஒரு மனிதரின் வரலாற்றிலிருந்து தொடங்குவோம். அவர் எங்களைப் போல ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். பெயர் செய்யத் அப்துல் ரஹீம். இந்திய உதைபந்தாட்டத்தில் அவரை "ரஹீம் ஸாஹிப்" என்பார்கள். நாங்கள் எங்கள் பழக்கப்படி "ரஹீம் ஸேர்" என்றே சொல்லப் போகிறோம்.

*வகுப்பறையும் மைதானமும்*

ரஹீம் ஸேர் 1909 ஆகஸ்ட் 17ஆம் திகதி, நிஸாம் ஆட்சியில் இருந்த ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழக நாட்களிலும் அதற்குப் பிறகும் உள்ளூர் கழகங்களுக்கு உதைபந்தாடினார். ஆனால் ஆட்டக்காரராக அவர் பெரிய பெயர் எடுத்தவர் அல்ல. நாடு அறிந்தது அவருடைய பயிற்றுவிப்பைத்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர் படிப்பை விட்டுவிட்டு விளையாடப் போனவர் அல்ல. பீ.ஏ. பட்டம் பெற்றார். ஹைதராபாத்தின் பல பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தினார். பிறகு உடற்கல்வியில் டிப்ளோமா படித்து, பிள்ளைகளின் விளையாட்டுக்கும் பொறுப்பேற்றார். வகுப்பறையில் பெற்ற அனுபவத்தைத்தான் மைதானத்துக்குக் கொண்டு போனார். ஒரு பிள்ளைக்கு எது வரவில்லை என்று பார்ப்பது, அதற்கென்று ஒரு பயிற்சி கொடுப்பது, வரும்வரை பொறுமையாக இருப்பது. ஆசிரியராக இருப்பவர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல.

1940களில் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். 1950இல் ஹைதராபாத் சிட்டி பொலிஸ் அணியைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். அந்தக் காலத்தில் இந்திய உதைபந்தாட்டம் என்றால் கல்கத்தா. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், மொஹமடன் ஸ்போர்ட்டிங். தெற்கிலிருந்து வரும் ஒரு பொலிஸ் அணியை யாரும் பெரிதாக எண்ணவில்லை. 1950இலேயே அந்த அணி மோகன் பகானை வென்று டுராண்ட் கிண்ணத்தை எடுத்தது. பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கிண்ணத்தை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருடம் வேறு யாருக்கும் விடவில்லை.

*வராத காலுக்குப் பாடம்*

எப்படி முடிந்தது? அவருடைய முறைகளில் இரண்டை மட்டும் சொல்கிறோம். இரண்டும் எங்கள் மைதானத்திலும் செய்யக்கூடியவை.

முதலாவது, இளம் வீரர்களுக்கென்று அவர் நடத்திய "பலவீனக் கால்" போட்டிகள். வலது காலால் ஆடுகிறவன் இடது காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும். இடது கால்காரன் வலது காலால். முதல் நாள் எல்லோரும் தடுமாறுவார்கள். கெட்டிக்காரனும் கெட்டித்தனம் இல்லாதவனும் ஒரே இடத்துக்கு வந்துவிடுவார்கள். ஆனால் சில மாதங்கள் போனால் அந்தப் பையனை எந்தப் பக்கம் மறித்தாலும் மறுபக்கத்தால் போய்விடுவான்.

இரண்டாவது, பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வெட்டிக்கொண்டு ஓடத் தடை விதித்த போட்டிகள். பந்து வந்தால் உடனே இன்னொருவனுக்குக் கொடுக்க வேண்டும். அப்படியென்றால் பந்து வருவதற்கு முன்பே தலையை உயர்த்தி, யார் எங்கே நிற்கிறான் என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். தனியாக ஹீரோ ஆக நினைக்கிற பையனுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

இன்னொரு சம்பவம். துளசிதாஸ் பலராம் என்று ஒரு பையன். செக்கந்தராபாத் பக்கம் அம்முகுடா என்ற இடத்தில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவன். ஆட்டத்தைப் பார்த்த ரஹீம் ஸேர் பயிற்சிக்கு வரச் சொன்னார். ஹைதராபாத் வரை தினமும் வந்து போகப் பையனிடம் வழியில்லை. வாடகைச் சைக்கிளுக்கான காசை ஸேரே கொடுத்தார். அந்தப் பலராம் பிறகு இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடினார். இன்றும் இந்தியாவின் மிகச் சிறந்த முன்கள வீரர்களைச் சொன்னால் அவர் பெயர் வரும். ஒரு சைக்கிள் வாடகையில் ஒரு வாழ்க்கை திசை திரும்பியது. எங்கள் வகுப்புகளிலும் பஸ் காசு இல்லாமல் பின்தங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டோம்.

*பின்லாந்தில் வாங்கிய அடி*

ரஹீம் ஸேர் இந்திய அணியின் பொறுப்பை ஏற்றதும் முதல் பெரிய வெற்றி சீக்கிரமே வந்தது. 1951 மார்ச்சில் டில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவின் இறுதிப் போட்டியில் மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் எடுத்தது. 1952இன் முற்பகுதியில் இந்திய அணி நம் கொழும்புக்கும் வந்து, முதலாவது கொழும்புக் கிண்ணத்தைப் பாகிஸ்தானோடு பகிர்ந்துகொண்டது. நம் மூத்தவர்களில் அந்தப் போட்டிகளைப் பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள்.

அதே வருடம் ஜூலையில் பின்லாந்தின் தலைநகரமான ஹெல்சின்கியில் ஒலிம்பிக். இந்திய வீரர்களில் பலர் அப்போது வெறுங்காலால் ஆடுகிறவர்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஆடியே பிரான்ஸை நடுங்க வைத்தார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். 2-1 என்றுதான் தோற்றார்கள். அதனால் "எங்களுக்கு பூட்ஸ் தேவையில்லை" என்ற எண்ணம் ஊறிப் போயிருந்தது. நம் ஊரிலும் அந்தத் தலைமுறை வெறுங்காலோடு ஆடி வளர்ந்ததுதான்.

ஹெல்சின்கியின் குளிரில் அந்த எண்ணம் உடைந்தது. 1952 ஜூலை 15. எதிரணி யூகோஸ்லாவியா. முடிவு 10-1. இந்தியாவின் ஒரே கோலை அஹமட் கான் அடித்தார்.

பத்துக்கு ஒன்று! இன்று நடந்திருந்தால் அந்தக் கோச்சை முகநூலில் என்னவெல்லாம் எழுதியிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் பூட்ஸ் அணிவதைக் கட்டாயமாக்கியது. ரஹீம் ஸேரும் தன் பாடத்தைத் திருத்தி எழுதினார். இரண்டே பின்கள வீரர்களோடு ஆடும் பழைய முறையைக் கைவிட்டார். முதலில் மூன்று பேரையும் பிற்காலத்தில் நான்கு பேரையும் பின்னால் நிறுத்தி ஆடப் பழக்கினார். உலகத்தில் நல்ல அணிகள் எப்படி ஆடுகின்றன என்று தேடிப் படித்து, அதைத் தன் பையன்களின் உடம்புக்கும் வேகத்துக்கும் ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்.

*அதே யூகோஸ்லாவியா, நான்கு வருடம் கழித்து*

1956 மெல்பேர்ன் ஒலிம்பிக். டிசெம்பர் 1ஆம் திகதி காலிறுதியில் அவுஸ்திரேலியாவை அவர்களுடைய சொந்த மண்ணில் 4-2 என இந்தியா வென்றது. நெவில் டிசூஸா மூன்று கோல்கள். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவர்தான். நான்காவது கோல், கிட்டு என்று எல்லோரும் அழைத்த கிருஷ்ணசாமியுடையது.

அரையிறுதியில் எதிரே வந்தது அதே யூகோஸ்லாவியா. முதல் பாதியில் இரு பக்கமும் கோல் இல்லை. 52ஆவது நிமிடத்தில் முதல் கோலை அடித்தது இந்தியா! பிறகு யூகோஸ்லாவியா திருப்பிக் கொடுத்து 4-1 என வென்றது உண்மை. மூன்றாம் இடத்துக்கான போட்டியிலும் பல்கேரியாவிடம் 3-0 எனத் தோற்று, இந்தியா நான்காம் இடத்தோடு திரும்பியது. பதக்கம் இல்லை.

ஆனாலும் எங்களுக்கு ரஹீம் ஸேரின் வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். 10-1 என அடித்த அணியை, நான்கே வருடத்தில் சில நிமிடங்களாவது பின்னால் ஓட வைத்தார். தேர்ச்சி அறிக்கையில் 10 புள்ளி எடுத்த பிள்ளை அடுத்த தடவை 45 எடுத்தால், சித்தி பெறாவிட்டாலும் அந்தப் பிள்ளையின் ஆசிரியருக்கு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

1960 ரோம் ஒலிம்பிக்கிலும் அவரே பயிற்றுவிப்பாளர். ஹங்கேரியிடம் 2-1 தோல்வி, பிரான்ஸோடு 1-1 சமநிலை, பெருவிடம் 3-1 தோல்வி. பெருவுக்கு எதிராக அந்த ஒரு கோலை அடித்தவர் தமிழ்நாட்டுக்காரரான சைமன் சுந்தரராஜ். அதற்குப் பிறகு இந்திய உதைபந்தாட்ட அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவேயில்லை. ஆகவே ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசிக் கோல் இன்றுவரை அந்தத் தமிழருடையதுதான்.

*ஜகார்த்தா 1962*

கடைசிப் பாடம் இந்தோனேசியாவில். 1962 ஆசிய விளையாட்டு விழாவுக்கு இஸ்ரேலையும் தாய்வானையும் இந்தோனேசியா வரவிடவில்லை. சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இருந்த இந்தியரான ஜீ.டி. சோந்தி அதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஜகார்த்தா மக்களின் கோபம் இந்தியாவின் மீது திரும்பியது. செப்டெம்பர் 3ஆம் திகதி இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. மறுநாள் இறுதிப் போட்டி. வீரர்கள் பஸ்ஸில் ஒளிந்துகொண்டு போகவேண்டியிருந்ததைப் பின்னாளில் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அணியின் நிலையும் நல்லதாக இல்லை. முதல் போட்டியிலேயே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1 என்றும் ஜப்பானை 2-0 என்றும் வென்றார்கள். ஆனால் பின்களத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலில் படுத்திருந்தார்.

இங்கேதான் ஆசிரியரின் கண் வேலை செய்தது. தையல் போட்ட தலையோடு ஜர்னைலைப் பின்களத்தில் நிறுத்துவது ஆபத்து. ஆனால் இளமையில் அவர் முன்களத்தில் ஆடியவர் என்பது ரஹீம் ஸேருக்குத் தெரியும். அவரை முன்னுக்கு அனுப்பினார். அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என வென்றபோது அதில் ஒரு கோல் ஜர்னைலுடையது.

செப்டெம்பர் 4. எதிரே மீண்டும் தென் கொரியா. ஒரு இலட்சம் பேர் கூடிய அரங்கு. இந்தியாவின் தேசிய கீதம்கூடக் காதில் விழாத அளவுக்குக் கூச்சல். தங்கராஜ் காய்ச்சல் தெளிந்து கோல் காக்க வந்துவிட்டார். 17ஆவது நிமிடத்தில் பீ.கே. பானர்ஜி ஒரு கோல். 20ஆவது நிமிடத்தில் ஜர்னைல் சிங் இன்னொன்று. கடைசி நேரத்தில் கொரியா ஒன்றைத் திருப்பியது. 2-1. தங்கம்!

அந்த அணியின் பெயர்களை வாசித்துப் பாருங்கள். தங்கராஜ், சந்திரசேகர், ஜர்னைல் சிங், அருண் கோஷ், யூசுப் கான், பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம். இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறிஸ்தவர். வங்காளம், பஞ்சாப், கேரளம், ஹைதராபாத். பெரஹர வழக்கு எழுந்து, 1915 கலவரத்தின் வேர் ஊன்றிய ஊரில் வாழ்கிறோம் நாம். ஒரே ஜேர்சியில் எல்லாப் பெயரும் இருப்பதன் பெறுமதியை நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

*அதற்குப் பிறகு*

ஜகார்த்தாவிலிருந்து வந்து ஒன்பது மாதம்தான். 1963 ஜூன் 11ஆம் திகதி நுரையீரல் புற்றுநோயால் ரஹீம் ஸேர் ஹைதராபாத்தில் வபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 53. ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்டத் தங்கம் அதற்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை. இந்தியாவில் பயிற்றுவிப்பாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருதே 1985இல்தான் தொடங்கியது. அதற்குள் அவர் இறந்து 22 வருடம். 2024இல் "மைதான்" என்ற ஹிந்திப் படம் வந்த பிறகுதான் நம் பிள்ளைகளில் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டார்கள்.

மகன் செய்யத் ஷாஹித் ஹக்கீம் 1960 ரோம் அணியில் இருந்தவர். பிறகு சர்வதேச நடுவராகவும் பயிற்றுவிப்பாளராகவும் வாழ்ந்து 2021இல் காலமானார்.

"இந்தியாக்காரரைப் பற்றியே எழுதுகிறீர்களே, நம்மில் யாரும் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். நிஸாம் பக்கீர் அலியை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை அணியின் பின்களத்தைக் காத்தவர். 1980களில் டாக்காவின் ஆபாஹனி கழகத்துக்கு ஆடிப் பங்களாதேஷ் ரசிகர்களின் அன்பைப் பெற்றவர். பிறகு பயிற்றுவிப்பாளரானார். 2018 ஆகஸ்டில் இலங்கை அணியைப் பங்களாதேஷுக்கே கூட்டிச் சென்று, நில்பமாரியில் அந்த நாட்டு அணியை 1-0 என வென்றார். அடுத்த மாதம் சாஃப் கிண்ணத்தில் இந்தியாவிடம் 2-0 தோல்வி. மாலைதீவோடு 0-0. மாலைதீவும் இந்தியாவிடம் 2-0 எனத் தோற்றதால் இரண்டு அணியும் எல்லாவற்றிலும் சமம். அரையிறுதிக்குப் போவது யார் என்று நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். நாணயம் மாலைதீவுக்கு விழுந்தது. அந்த மாலைதீவு இறுதியில் இந்தியாவையும் வென்று கிண்ணத்தையே கொண்டு போனது. நம் பிள்ளைகள் வெறுங்கையோடு வீடு வந்தார்கள். பயிற்றுவிப்பாளரின் உழைப்பைக் கிண்ணத்தை மட்டும் வைத்து அளந்தால் எவ்வளவு பிழைத்துப் போவோம் என்பதற்கு இது போதும்.

*அந்த நானாவுக்கு எங்கள் பதில்*

நானா, நீங்கள் கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறோம்.

உங்கள் மகன் பெரிய ஆட்டக்காரனாக வருவான் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நூற்றில் ஒருவருக்குக்கூட அது கிடைப்பதில்லை. ரஹீம் ஸேருக்கே ஆட்டக்காரராக அது கிடைக்கவில்லை. ஆனால் அவர் பட்டமும் எடுத்தார், பந்தும் அடித்தார். ஒன்றுக்காக மற்றதை விடவில்லை. உங்கள் மகனும் ஒன்றை வெட்டித்தான் மற்றதைப் பெற வேண்டும் என்றில்லை.

எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்லிவிடுகிறோம். பரீட்சை நெருங்கினால் உடற்கல்விப் பாடவேளையை வாங்கிக் கணிதம் மீட்டல் செய்தவர்கள் நாங்கள்தான். விளையாட்டு என்றால் மிஞ்சிய நேரத்துக்கான காரியம் என்று பிள்ளைக்கும் உங்களுக்கும் காட்டிக் கொடுத்ததும் நாங்கள்தான். அந்தப் பாடவேளையை இனி எடுப்பதில்லை என்று எங்களுக்குள் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

பயிற்சி வாரத்தில் இரண்டு நாள். அஸர் தொழுது வந்து தொடங்கி, மஃரிபுக்கு முன் பிள்ளை வீட்டில் இருப்பான். டியூஷன் நாளோடு மோதாமல் பார்த்துக்கொள்கிறோம். பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் வாரத்தில் ஒரு நாள் மட்டும். அவனுடைய தவணைப் புள்ளிகள் குறைந்தால் நீங்கள் வந்து கேட்கும் முன் நாங்களே வந்து சொல்வோம். அப்போது நீங்கள் எடுக்கும் முடிவுக்கு மறுபேச்சு இல்லை.

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு, ரஹீம் ஸேர் வைத்த மாதிரி ஒரு "பலவீனக் கால்" மெட்ச் வைக்கிறோம். உங்கள் மகன் இடது காலால் மட்டும்தான் ஆடுவான். விழுவான், பிழை விடுவான், மற்றப் பிள்ளைகளும் சிரிப்பார்கள். கடையைக் கொஞ்ச நேரம் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வாருங்கள். ஊரில் உள்ள மற்ற வாப்பாமாரும் வரலாம். பார்த்த பிறகும் பெயரை வெட்டச் சொன்னால் வெட்டிவிடுகிறோம்.

அல்லாஹ் ரஹீம் ஸேரின் கப்ரை விசாலமாக்குவானாக. எழுதியதில் பிழை கண்டவர்கள் உரிமையோடு சுட்டிக்காட்டுங்கள். நம் ஊரின் பழைய ஆட்டக்காரர்கள், அவர்களைப் பழக்கிய ஆசிரியர்கள் பற்றிய நினைவுகள், போட்டோக்கள் உங்களிடம் இருந்தால் கீழே பதிவிடுங்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே அவற்றைச் சேர்த்து வைப்போம்.

வஸ்ஸலாம்.